நூற்றைம்பது பேருக்கு ஒருவர்

(மணலியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படும் ஒன்றை இன்று உரக்கப் பேச வந்திருக்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்போடு ஒருவர் நம் எதிரே நிற்கும்போது நாம் என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதே என் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்டவரைக் கைதூக்கி விடுவது மருத்துவர்களால் மட்டும் ஆகக்கூடிய காரியம் என்று நினைத்து நாம் ஒதுங்கி நிற்கிறோம். உண்மையில் அது கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறன். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவரும் இரண்டே நாளில் அதன் அடிப்படையைக் கற்க முடியும். மணலி போன்ற தொழில் நகரம் அதைக் கற்றே தீர வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. சராசரியாகப் பார்த்தால் நம் மாநிலத்தில் நாளொன்றுக்கு 54 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர் தினக்கூலி. குடும்பப் பிரச்சினையும் நோயும் காரணங்களில் முன்னே நிற்கின்றன.

ஆண், தினக்கூலி, குடும்பச் சிக்கல், உடம்புக்கு முடியாமை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த முகங்கள் வரும். நம் மணலியையே பாருங்கள். 1960-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இங்கே வந்தன. பிறகு பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் கன்டெய்னர் யார்டுகளும் வந்தன. நிரந்தர வேலைக்காரர் குறைந்து கான்ட்ராக்ட் தொழிலாளர் பெருகினார்கள். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடந்து, வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்குகிறார் டிரெய்லர் ஓட்டுநர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். வாரத் தவணை கட்ட வேண்டிய நாளில் விடிகாலையிலேயே தூக்கம் கலைந்துவிடுகிறது குழு லோன் வாங்கிய பெண்ணுக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது. இவர்கள் எல்லாருமே வாழ்க்கையோடு போராடுகிறவர்கள். பெரும்பாலோர் தாக்குப் பிடிக்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு மணி நேரத்தில், இனி வழியே இல்லை என்று தோன்றிவிடுகிறது.

அந்த நேரத்தைப் பற்றி நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இது: அது கடந்துபோகும். சாக நினைப்பவரின் மனம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதில்லை. வாழும் ஆசையும் வேதனை தீர வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றோடொன்று இழுபறியில் இருக்கும். முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அந்தச் சில மணி நேரத்தை ஒருவர் துணையோடு கடக்க வைத்துவிட்டால், பெரும்பாலும் ஒரு முழு ஆயுளையே மீட்டுத் தந்ததாக ஆகும்.

சாமானியர்களால் இது முடியும் என்பதை உலகம் தற்செயலாகவே கண்டுகொண்டது. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் இருந்தார். இளம் வயதில் அவர் அடக்கம் செய்துவைத்தது ஒரு 14 வயதுச் சிறுமியின் உடலை. பூப்பெய்தியதை ஏதோ கொடிய நோய் என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் அவள் உயிரை விட்டிருந்தாள். அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1953 நவம்பரில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூப்பிட்டார்கள், நேரிலும் வந்தார்கள். கூட்டம் பெருகவே, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் சேர்ந்தார்கள். தேநீர் குடித்தபடி தொண்டரிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே ஆறுதலோடு திரும்பிப் போவதை அவர் கவனித்தார். சில மாதங்களில், 1954 பிப்ரவரியில், அந்தப் பணியையே தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற இயக்கம் இப்படித்தான் வளர்ந்தது. அதே வழியில் 1974-இல் கொழும்பில் சுமித்ரயோ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 1986-இல் நம் சென்னையில் சினேகா என்ற அமைப்பு பிறந்தது. அதை நிறுவியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். மனநல மருத்துவரான அவர், பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்களை நம்பியே அந்த அமைப்பைக் கட்டினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு; அதில் சென்னைக்குப் பங்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினரோடு கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். செய்தது இவ்வளவுதான். 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் அந்த 18 மாதங்களுக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிப்பு பெற்றவர்களில் அது 0.2 விழுக்காடு. பின்னர் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில், அகதிகளிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து இதே போன்ற பணியைச் செய்ய வைத்தார்கள். முகாமில் உள்ளவரின் வலி முகாமில் உள்ளவருக்குப் புரிந்தது. யார்டில் உள்ளவரின் வலி யார்டில் உள்ளவருக்கும் புரியும்.

அந்தத் திறன் எத்தகையது என்பதை இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி, கவனிப்பது. சாக நினைப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு வகையில் சொல்லிவிடுகிறார். "நான் இருந்து என்னா ஆவப் போவுது?" "எனக்கு ஒண்ணுன்னா புள்ளைங்கள நீதான் பாத்துக்கணும்." "இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் யாருக்கும் தொந்தரவு இல்ல." இவற்றைச் சலிப்புப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. தூக்கமில்லாமை, சாப்பாட்டில் வெறுப்பு, திடீரென்று கூடிய குடி, ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பது, கணக்கு வழக்கை அவசரமாக முடிப்பது, பல நாள் கலங்கியிருந்தவர் காரணமில்லாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது ஆகியவையும் அறிகுறிகளே. இதற்கு முன் முயன்றவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாம் படி, கேட்பது. பலரும் தயங்கி நிற்பது இங்கேதான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம். நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர் 2,342 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு விடை சொன்னது. தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்கப்பட்ட மாணவர்களுக்கு அதனால் மனத்துயரமோ அந்த எண்ணமோ கூடவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. கேட்பது பாரத்தை இறக்கும். சுற்றி வளைக்காமல், ஒளிவு மறைவான சொல் இல்லாமல் கேட்க வேண்டும்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். யார்டு வாசலில் வண்டி வரிசை. மூத்த ஓட்டுநர் ஒருவர், இளைய ஓட்டுநரிடம் தன் வங்கி விவரங்களையெல்லாம் சொல்லி வைக்கிறார்.

"இதெல்லாம் ஏன்ண்ணே எங்கிட்ட சொல்றீங்க? நாலு நாளா நீங்க சரியா சாப்பிடவும் இல்ல."

"சும்மாதான்டா. தெரிஞ்சு வச்சிக்க."

"அண்ணே, நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறீங்களா?"

பெரியவர் பேசாமல் இருக்கிறார். இளையவரும் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்தை அவர் எதையாவது சொல்லி நிரப்பாமல் விட்டதுதான் அவருடைய திறமை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் சொல்கிறார்: "வட்டி கட்டி மாளலடா. ஊட்டுக்குப் போகவே மூஞ்சி இல்ல."

"சொல்லுங்கண்ணே. நான் எங்கயும் போகல."

இந்தக் கடைசி வாக்கியத்தில் அறிவுரையோ தீர்வோ இல்லை. பெரியவரின் கடனில் ஒரு ரூபாயும் அதனால் குறையாது. ஆனாலும் அவர் தொடர்ந்து பேசுவார். அவர் பேசும்வரை ஆபத்து ஒரு படி தள்ளி நிற்கும்.

இதே இடத்தில் நாம் வழக்கமாகச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். "இதுக்கெல்லாமா சாவாங்க?" "பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?" "ஆம்பளையா இரு." "எனக்கில்லாத கஷ்டமா உனக்கு?" அன்பினால்தான் சொல்கிறோம். கேட்பவர் காதிலோ, நீ கோழை, நீ பாவி, உன் வலி சின்னது என்றுதான் விழுகிறது. அவர் வாயை மூடிக்கொள்வார். மனைவி மக்களின் நினைவு அவருக்கு இல்லாமல் இல்லை. அவர்களுக்குத் தான் ஒரு சுமை என்று நம்புவதே அவருடைய வேதனையின் மையம்.

மூன்றாம் படி, ஆபத்தின் அளவை அறிவது. எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இப்போது குடித்திருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். திட்டமும் வழியும் கையில் உள்ளவரை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளை அப்புறப்படுத்த வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டால் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. "உங்க மானத்துக்குக் குறைவு வராம பாத்துக்குறேன். ஆனா உங்க உயிரக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ சொல்லுவேன்" என்று உள்ளபடி சொல்லிவிடுவதே நேர்மை.

நான்காம் படி, கைமாற்றுவது. நாம் செய்வது முதலுதவி. சிகிச்சைக்கு அடுத்த கை வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, பகலும் இரவும் பேசலாம், பல இந்திய மொழிகளில் பேசலாம் என்பதால் நம் வடமாநிலத் தோழர்களுக்கும் பயன்படும். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. மணலியிலிருந்து ராயபுரம் பக்கம் போனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்களே டயல் செய்து கொடுங்கள். மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.

ஐந்தாம் படி, மறுபடியும் போய்ப் பார்ப்பது. ஐந்து நகர ஆய்வு நமக்குச் சொன்ன பாடமே இதுதான். ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, நாலு மாதம் கழித்து "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று ஒரு போன். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போது வரும் போனுக்குத்தான் மதிப்பு அதிகம்.

தற்கொலைக்கு முயன்றவர்களில் சிலர் போலீஸ் கேஸுக்குப் பயந்து மருத்துவமனைக்கே போவதில்லை. போனாலும் விபத்து என்று சொல்லி மறைக்கிறார்கள். மருத்துவரிடம் உண்மை போய்ச் சேர்வதில்லை. சட்டம் மாறிவிட்டது என்பதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. துயரத்தால் முயன்றவர் குற்றவாளி இல்லை.

பேச்சினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூலி நிலுவையும் கந்து வட்டியும் இருக்கிறவரை நெருக்கடி இருக்கும். கந்து வட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் துணிவு தருவது சங்கங்களின் வேலை. அரசின் முடிவுகள் உயிர் காக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய மாணவர் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. தோல்வியோடு எல்லாம் முடிந்தது என்ற நினைப்புக்கு அது ஒரு மாற்று. 1990-களின் நடுவில் இலங்கையில் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில் பிந்தைய இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் 70 விழுக்காடு குறைந்தது. ஆகவே சட்டமும் வேண்டும், கூலியும் வேண்டும். அவை வந்து சேரும்வரை மனிதர் உயிரோடு இருக்கவும் வேண்டும்.

இனி மணலிக்கு என் வேண்டுகோள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 45-ஆம் பிரிவில் ஒரு நெறியை வகுத்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்ற கணக்குக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கை நசுங்கினால், கண்ணில் அமிலம் தெறித்தால் என்ன செய்வது என்று மணலியின் தொழிலாளிக்குத் தெரியும். வாயு கசிந்தால் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். இத்தனை பாதுகாப்புப் பயிற்சி பெற்ற ஊருக்கு இன்னொரு பயிற்சி பாரமாகாது. 150 பேருக்கு ஒருவர் என்ற அதே கணக்கில், சக மனிதரின் உயிர் நெருக்கடியைக் கையாளத் தெரிந்தவர் இருக்கட்டும்.

இதற்குப் பாடத்திட்டம் புதிதாக எழுத வேண்டியதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1983-இல் உருவான இரண்டு நாள் பயிற்சி பல நாடுகளில் நடக்கிறது. அரை நாளுக்குள் முடியும் சுருக்கப் பயிற்சிகளும் உண்டு. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், கேட்கீப்பர் பயிற்சி என்ற பெயரில் ஆசிரியர்களுக்கும் பொதுமக்களுக்கும் இதைக் கற்றுத்தருகிறது. ஆலை நிர்வாகங்கள் பாதுகாப்பு வாரத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கட்டும். சங்கங்கள் கான்ட்ராக்ட் தொழிலாளரையும் வடமாநிலத் தோழர்களையும் கட்டாயம் சேர்க்கட்டும். லாரி ஓட்டுநர் கூடும் டீக்கடைக்காரர், முடிதிருத்துநர், மகளிர் குழுத் தலைவி, பள்ளி ஆசிரியர், கோயில், தேவாலயம், பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கற்கட்டும். பிறர் மனம்விட்டுப் பேசுவது ஏற்கெனவே இவர்களிடம்தான்.

கற்றவர்களுக்கு இரண்டு சொல். நீங்கள் எவ்வளவு செய்தும் ஒருவர் இறந்துபோகக்கூடும். அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கேட்பவருக்கும் தன் பாரத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். சினேகா போன்ற அமைப்புகளில் தொண்டருக்குத் தொண்டர் துணை என்ற ஏற்பாடு அதற்காகவே இருக்கிறது. அடுத்தது, ஒரு வீட்டில் இந்த மரணம் நடந்துவிட்டால் அந்த வீட்டாரைத் தனிமைப்படுத்தாதீர்கள். துக்கம் கேட்கப் போங்கள், காரணம் கேட்காதீர்கள்.

நிறைவாக, இந்த அரங்கில் இருப்பவர்களில் யாருக்காவது நான் பேசிய எண்ணம் தனக்கே இருக்கிறது என்று தோன்றினால், அவருக்கு நேராகச் சொல்கிறேன். உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இந்த வேதனை இதே அளவில் நீடிக்காது. இன்று வீட்டுக்குப் போகும் முன் பக்கத்தில் இருப்பவரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மற்ற எல்லாரும் அந்த எண்ணை இப்போதே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். யாரைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறதோ, அவரிடம் இன்றிரவே கேளுங்கள். நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.